தாகம் எடுக்கலைம்மா!

எங்கள் ஊர் திருச்சி. காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள். வேறு எந்த ஊர்த் தண்ணீரும் எங்கள் வாய்க்குப் பிடிக்காது என்று உள்ளூர ஒரு கர்வம் உண்டு. ஆனால் தண்ணீரைப் பற்றியும் தாகத்தைப் பற்றியும் எனக்கு ஒன்றுமே தெரியாது என்பதை, சென்ற வைகாசியில் ராமேஸ்வரம் போனபோதுதான் தெரிந்துகொண்டேன்.

"கால் நடக்கிறபோதே ராமேஸ்வரம் போய் 22 தீர்த்தமும் ஆடிட்டு வந்துடணும்" என்று என் மாமியார் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு 74 வயது. நான் 'அத்தை' என்றுதான் கூப்பிடுவேன். கோடை விடுமுறையில் ஒரு வேன் பேசினோம். நானும் என் கணவரும், அத்தை, என் நாத்தனார், அவளுடைய மகள், அந்தப் பெண்ணின் நாலு மாதக் கைக்குழந்தை என்று எல்லோருமாகக் கிளம்பினோம். புளியோதரை, தயிர்சாதம், எலுமிச்சை ஊறுகாய், பெரிய கேனில் காவிரித் தண்ணீர் எல்லாம் எடுத்துக்கொண்டோம்.

மத்தியானம் இரண்டு மணிக்கு வண்டி புறப்பட்டது. பயணம் என்றால் அத்தைக்கு ஒரு சட்டம் உண்டு. வீட்டை விட்டு இறங்கியதிலிருந்து போய்ச் சேரும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாது! "நடுவழியில் எங்கே இறங்கி, எங்கே ஒதுங்குறது?" என்பார்கள். நம்மில் எத்தனை பேருக்கு இந்தச் சட்டம் இல்லை, சொல்லுங்கள்? ஆண்கள் ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கிப் போய்விடுகிறார்கள். நாம் வாயைக் கட்டிக்கொள்கிறோம். புதுக்கோட்டையில் நான் டம்ளரை நீட்டினேன். "தாகம் எடுக்கலைம்மா" என்றார்கள். காரைக்குடியிலும் அதே பதில்தான். நானும் வற்புறுத்தவில்லை. எதையும் கேட்டு நம்மைத் தொந்தரவு செய்யாத மாமியார் கிடைத்தாரே என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட!

பாம்பனும் கோயிலும்

பாம்பன் பாலத்தின்மேல் வண்டி ஏறும்போது பொழுது சாய்ந்திருந்தது. பக்கத்தில் 1914-இல் கட்டிய பழைய ரயில் பாலமும், 2025-இல் திறந்த புதுப் பாலமும் தெரிந்தன. வண்டியை நிறுத்திப் பார்த்தோம். சில்லென்று காற்று. குழந்தைகூடச் சிரித்தது.

அத்தைக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. 1962-இல், பத்துப் பதினோரு வயதில், தகப்பனாரோடு போட் மெயிலில் இந்தப் பாலத்தைத் தாண்டி தனுஷ்கோடிக்கே வந்திருக்கிறார்கள். "ரயிலை விட்டு இறங்கினா எதிரே தலைமன்னாருக்குக் கப்பல் நிக்கும். அப்பா எனக்கு ஒரு கலர் சோடா வாங்கிக் கொடுத்தார்" என்று குழந்தை மாதிரி சொன்னார்கள். 1964 டிசம்பரில் அடித்த புயலில் அந்த ஊரே போய்விட்டது என்பது நமக்குத் தெரிந்த கதைதான். "நாளைக்கு அந்த இடத்தையும் பார்த்துடலாம் அத்தை" என்றேன்.

இரவு இரண்டு இட்லி, அரை டம்ளர் பால். அவ்வளவுதான் அவர்கள் சாப்பாடு.

மறுநாள் விடியற்காலையில் அக்னி தீர்த்தத்தில் கடல் ஸ்நானம். பிறகு கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள். வாளியில் கயிற்றைக் கட்டிக் கிணற்றிலிருந்து இறைத்து இறைத்துத் தலையில் ஊற்றுகிறார்கள். ஒரு கிணற்றில் தண்ணீர் சில்லென்று இருக்கிறது, அடுத்ததில் வெதுவெதுப்பாக இருக்கிறது. உதட்டில் படும்போது ருசியும் மாறுகிறது. கடலுக்கு இத்தனை பக்கத்தில் இப்படி ஒரு தண்ணீரா என்று ஆச்சரியமாக இருந்தது. ஈரத்துணியோடு மூலஸ்தானத்துக்குப் போகக்கூடாது என்பதால் துணி மாற்றிக்கொண்டு தரிசனம் செய்தோம். 1212 தூண்கள் நிற்கும் அந்த மூன்றாம் பிரகாரத்தைச் சுற்றிவந்தபோது, நடக்கிறோமா மிதக்கிறோமா என்றே தெரியவில்லை.

தரிசனம் முடியும்வரை அத்தை எதுவும் சாப்பிடவில்லை. வெளியே வந்ததும் அரை டம்ளர் காபி, ஒரு இட்லி. ரத்தக் கொதிப்பு மாத்திரையை ஒரு வாய் தண்ணீரில் விழுங்கினார்கள். 22 தீர்த்தமும் தலைவழியே இறங்கியிருக்கிறது, உள்ளே போனது அந்த ஒரு வாய்தான். இது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

"ரயில் வர நேரமாச்சே!"

தனுஷ்கோடி ராமேஸ்வரத்திலிருந்து இருபது கிலோமீட்டர் போல இருக்கும். முன்பெல்லாம் மணலில் ஜீப் வைத்துத்தான் போக வேண்டும். 2017-லிருந்து அரிச்சல்முனை வரை நல்ல தார் ரோடு இருக்கிறது. ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் மன்னார் வளைகுடா. அமைதியாகக் கிடப்பதை 'பெண் கடல்' என்றும், அலை புரள்வதை 'ஆண் கடல்' என்றும் அந்த ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது.

பன்னிரண்டரை மணி வெயில். ஆனாலும் வெயில் தெரியவில்லை. காற்று அப்படி அடிக்கிறது. வேர்த்தால் வேர்த்த சுவடே இல்லாமல் காய்ந்துவிடுகிறது. இடிந்த மாதா கோயிலைப் பார்த்துவிட்டு, ரயில்வே ஸ்டேஷன் இருந்த இடத்துக்கு வந்தோம். சில சுவர்கள் மட்டும் மொட்டையாக நிற்கின்றன. 1964 டிசம்பர் 22 இரவு இங்கே வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயிலை அப்படியே அலை வாரிக்கொண்டு போனதாம். நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

அத்தை அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். "ரயில் வர நேரமாச்சே, அப்பா டிக்கெட் வாங்கிட்டாரா?" என்றார்கள். பழைய நினைவில் பேசுகிறார்கள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். என் நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் அருகில் போய்க் கையைப் பிடித்தேன். அத்தை என் முகத்தைப் பார்த்து, "நீ யாரும்மா?" என்றார்கள்.

அந்த வீட்டில் காலடி வைத்து 22 வருஷமாகிறது. எனக்கு ஈரக்குலையே நடுங்கிவிட்டது. அடுத்த அடி வைக்கும்போது கால் தடுமாறி, அப்படியே என்மேல் சாய்ந்தார்கள்.

அங்கே சங்கு, பாசிமணி விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாள் ஓடி வந்தார். மீனவர் குடும்பம். நாங்கள் சூடம், விபூதி என்று தேடிக்கொண்டிருக்க, அவர் முதலில் கேட்டது இதுதான்: "ஆத்தா தண்ணி குடிச்சாங்களா? நாக்கை நீட்டச் சொல்லுங்க." நாக்கு வறண்டு, உப்புத்தாள் மாதிரி இருந்தது. "காலையிலேர்ந்து ஒண்ணுக்குப் போனாங்களா?" நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். காலையில் எழுந்தபோது போனதுதான்.

தன் ஓலைக் கொட்டகை நிழலில் படுக்கவைத்தார். கழுத்திலும் கையிலும் ஈரத்துணியைப் போட்டு விசிறினார். ஒரு சொம்புத் தண்ணீரில் கொஞ்சம் சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டுக் கரைத்தார். அத்தைக்குக் கண் திறந்திருந்தது, விழுங்கவும் முடிந்தது. அதனால் உட்காரவைத்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தார். "மளமளன்னு ஊத்தாதீங்க. கொடுத்துக்கிட்டே ஆஸ்பத்திரிக்கு விடுங்க" என்றார். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

அது எந்தத் தண்ணீர் தெரியுமா? கொட்டகைக்குப் பின்னால் மணலில் தோண்டிய ஊற்று! இரண்டு பக்கமும் கூப்பிடு தூரத்தில் உப்புக் கடல் இருக்க, நடுவில் நாலைந்து அடி மணலைத் தோண்டினால் நல்ல தண்ணீர் வருகிறது. பெய்த மழை மணலில் இறங்கி, கனமான உப்புநீரின் மேலே லேசாக மிதந்து நிற்கிறதாம். அளவாக மொண்டால் குடிதண்ணீர். ஆசைப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்பு மேலே வந்துவிடும். இத்தனை புயலுக்குப் பிறகும் அந்த ஜனங்கள் அங்கே இருப்பது இந்த ஊற்றை நம்பித்தான்.

டாக்டரம்மா சொன்ன பாடம்

ராமேஸ்வரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் சோதித்துப் பார்த்துவிட்டு சலைன் ஏற்றினார்கள். ராத்திரி எட்டு மணிக்கு அத்தை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. வந்தவுடன் அழுகையும் வந்தது. "தாகம் இல்லைன்னு சொன்னாங்களே டாக்டர், நான் டம்ளரை நீட்டத்தானே செய்தேன்" என்று அழுதேன். டாக்டரம்மா சின்ன வயசுதான். பொறுமையாக உட்கார்ந்து விளக்கினார்.

"தாகம் தொண்டையில வர்றதில்லைம்மா, மூளையில வருது. மூளைக்கு அடியில ஹைப்போதாலமஸ்னு ஒரு இடம் இருக்கு. உங்க வீட்டுல குழம்புல உப்பு பார்க்கிற மாதிரி, அங்கே இருக்கிற சில செல்கள் ரத்தத்துல உப்பு பார்த்துக்கிட்டே இருக்கும். உடம்புல தண்ணி குறைஞ்சா ரத்தம் கெட்டியாகும். ஒண்ணு ரெண்டு சதவீதம் கெட்டியானாலே போதும், அந்த செல்கள் லேசாச் சுருங்கி, 'தண்ணி குடி'ன்னு தகவல் கொடுத்துடும். அதைத்தான் நாம தாகம்ங்கிறோம்."

கூடவே இன்னொரு ஏற்பாடும் இருக்கிறதாம். அதே இடத்தில் வாசோபிரெஸ்ஸின் என்று ஒரு ஹார்மோன் உண்டாகி, பிட்யூட்டரி சுரப்பி வழியாக ரத்தத்தில் கலக்கிறது. அது சிறுநீரகத்துக்குப் போய், 'இருக்கிற தண்ணீரை வெளியே விடாதே' என்று சொல்லும். அதனால்தான் தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கொஞ்சமாக, அடர்ந்த மஞ்சளாகப் போகிறது. ரத்தத்தின் அளவே குறைந்துபோனாலும் சிறுநீரகம் ஓலை அனுப்பும். அதிலிருந்து உண்டாகும் ஆஞ்சியோடென்சின் என்ற பொருளும் மூளையில் தாகத்தைத் தூண்டும். இத்தனை காவல் வைத்திருக்கிறது உடம்பு!

1950-களின் தொடக்கத்தில் ஸ்வீடனில் ஆண்டர்ஸன் என்ற விஞ்ஞானி, ஆடுகளின் மூளையில் இந்த இடத்தில் துளி உப்புநீரைச் செலுத்திப் பார்த்தாராம். தண்ணீர் தேவையே இல்லாத ஆடுகள்கூட உடனே மடமடவென்று குடித்தனவாம். தாகம் எங்கே பிறக்கிறது என்று அப்போதுதான் தெளிவாயிற்று.

"அப்போ அத்தைக்கு ஏன் தாகம் எடுக்கலை?" என்று கேட்டேன்.

"வயசானா அந்தக் காவல்காரர் கொஞ்சம் கண் அசந்துடுறார். 1984-ல இங்கிலாந்துல ஒரு பரிசோதனை செய்தாங்க. ஆரோக்கியமான வயசானவங்களும் இளைஞர்களும் 24 மணி நேரம் தண்ணி குடிக்காம இருந்தாங்க. வயசானவங்க ரத்தம்தான் அதிகமா கெட்டியாகியிருந்தது. ஆனா அவங்கதான் தாகம் குறைவுன்னு சொன்னாங்க. தண்ணி கொடுத்தப்பவும் கொஞ்சமாத்தான் குடிச்சாங்க. உங்க மாமியார் பொய் சொல்லலைம்மா. அவங்களுக்கு நிஜமாவே தாகம் எடுக்கலை."

போதாததற்கு, வயதாக ஆகச் சிறுநீரகத்துக்கும் தண்ணீரைப் பிடித்துவைக்கும் சக்தி குறைகிறது. அத்தையின் கொதிப்பு மாத்திரை நீரை வெளியேற்றும் வகையைச் சேர்ந்தது. அதோடு முதல் நாள் பயணம், காலைப் பட்டினி, வெயில், வேர்வையை மறைத்த கடல் காற்று எல்லாம் சேர்ந்துவிட்டன. பெரியவர்கள் திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசினால் 'பழைய ஞாபகம்', 'வயசுக் கோளாறு' என்று விட்டுவிடக்கூடாது, தண்ணீர் வற்றியிருக்கலாம் என்று சந்தேகப்பட்டு உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றார். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, புரையேறிவிடும் என்றும் எச்சரித்தார்.

இன்னொன்றும் சொன்னார். ஒரு டம்ளர் குடித்தவுடன் தாகம் அடங்கிவிடுகிறதே, அந்தத் தண்ணீர் ரத்தத்தில் கலக்கப் பத்து நிமிஷமாவது ஆகும். அதற்கு முன்பே, தொண்டையில் இறங்கும் மடக்கைக் கணக்கு வைத்து மூளை 'போதும்' என்று சொல்லிவிடுகிறதாம்.

மடியில் இருந்த குழந்தை

என் நாத்தனார் மகளுக்கு நேர் எதிரான நிலை. குழந்தையை மார்பில் எடுத்தாலே அவளுக்குத் தொண்டை வறண்டுவிடும். இது ஏதோ வியாதி என்று பயந்திருந்தாள். டாக்டரம்மா சிரித்தார். பால் இறங்கவைக்கும் ஆக்ஸிடோஸின் என்ற ஹார்மோனும் வாசோபிரெஸ்ஸினும் மூளையில் ஒரே இடத்தில் பிறக்கும் அக்கா தங்கைகள் மாதிரியாம். பால் கொடுக்கும்போது தாகம் எடுப்பது பல தாய்மார்களுக்கு உள்ளதுதான். பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துக்கொண்டு பால் கொடுத்தால் போதும் என்றார்.

"வெயிலா இருக்கே, குழந்தைக்குக் கொஞ்சம் தண்ணி கொடுக்கட்டுமா?" என்று அவள் கேட்டாள். "கூடாது. ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான். தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்குக்கு மேல் தண்ணிதான். வெயில் நாளில் அடிக்கடி பால் கொடு, அது போதும்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தாகம் என்று வாய்விட்டுச் சொல்லத் தெரியாதவர்கள் வீட்டில் இரண்டு பேர். ஒன்று மடியில் இருக்கிற குழந்தை, இன்னொன்று மூலையில் உட்கார்ந்திருக்கிற பெரியவர்கள். அன்றைக்குத்தான் எனக்கு இது புரிந்தது.

வில்லூன்றித் தீர்த்தம்

ஒரு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். திரும்பும் வழியில் தங்கச்சிமடம் பக்கம் வில்லூன்றித் தீர்த்தம் இருக்கிறது. இலங்கையிலிருந்து மீண்டு வந்த சீதைக்குத் தாகம் எடுத்தபோது, ராமர் வில்லைக் கடலில் ஊன்ற, அங்கே நல்ல தண்ணீர் பொங்கியது என்பது ஐதீகம். கரையிலிருந்து சின்னப் பாலம் போட்டிருக்கிறார்கள். சுற்றிலும் கடல், நடுவில் கிணறு. இறைத்து ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். உப்புக் கரிக்கவே இல்லை!

கடல் நீர் ஏன் தாகம் தீர்ப்பதில்லை என்பதும் இப்போது எனக்குப் புரிகிறது. ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. சிறுநீரகத்தால் அத்தனை அடர்த்தியாக உப்பை வெளியேற்ற முடியாது. குடித்த தண்ணீருக்கு மேல் உடம்பிலிருந்தும் தண்ணீரை எடுத்துச் செலவழித்தால்தான் அந்த உப்பு போகும். குடிக்கக் குடிக்க வறட்சிதான் மிச்சம்.

அத்தை பாலத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சீதை தாகம்னு வாய்விட்டுச் சொன்னா. எனக்கு அதுகூடச் சொல்லத் தெரியலையே" என்றார்கள். நான் என்ன சொல்ல? "இனிமே நீங்க சொல்ல வேண்டாம் அத்தை, நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

பயணம் கிளம்பும் சகோதரிகளே, உங்களுக்கும் சில வார்த்தைகள். பெரியவர்களைத் 'தாகமா?' என்று கேட்காதீர்கள். மணிக்கு ஒரு முறை அரை டம்ளர் கையில் கொடுத்துக் குடிக்கும்வரை பக்கத்தில் நில்லுங்கள். நீர்மோர், கஞ்சி, ரசம், இளநீர் எதுவானாலும் கணக்கில் சேரும். சிறுநீரின் நிறத்தைக் கவனியுங்கள், வெளிர் மஞ்சள் நல்லது. அடர்ந்த மஞ்சளானால் உடம்பு எச்சரிக்கிறது. வயிற்றுப்போக்கு, வாந்தி என்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு சமமட்ட டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கரைத்துக் கொடுங்கள். இருதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு மட்டும் அளவு டாக்டர் சொன்னபடிதான். ஒரேயடியாகக் குடம் குடமாகக் குடிப்பதும் தப்பு, ரத்தத்தில் உப்பு நீர்த்துப் போய் அதுவும் மூளையைப் பாதிக்கும். எத்தனை குடித்தும் தாகம் அடங்கவில்லை என்றால் சர்க்கரை நோய் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வழியில் ஒதுங்க நல்ல இடம் எங்கே என்பதை டிரைவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். அதில் வெட்கம் வேண்டாம். நம் பெண்களின் தாகத்தைப் பாதி கொன்றது அந்த வெட்கம்தான்.

இப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில், அத்தையின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைச் சொம்பு இருக்கிறது. கடிகாரம் மணி அடித்ததும் நான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பேன்.

"தாகம் எடுக்கலைம்மா" என்பார்கள் பழக்கதோஷத்தில்.

"தாகத்துக்கு இல்லை அத்தை, மணி பதினொண்ணு ஆச்சு" என்பேன்.

சிரித்துக்கொண்டே சொம்பை எடுப்பார்கள்.